குலுங்காத வழி

தார்ச் சாலையில் பள்ளம் விழ மயிரிழை அகலத்துக்கு ஒரு வெடிப்பு போதும். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கி, அடியில் இருக்கும் ஜல்லிக்கு நடுவே தேங்கி நிற்கும். மேலே ஒரு லாரிச் சக்கரம் ஏறியதும் அந்தத் தண்ணீருக்கு ஒதுங்க இடம் இருக்காது. ஜல்லியைப் பிடித்திருக்கும் மண்ணை அரித்துக்கொண்டு, இறங்கிய வழியாகவே பீய்ச்சி அடிக்கும். சக்கரம் போன பின் மறுபடியும் உள்ளே இறங்கும். செம்பூரில் எண்ணெய் டாங்கர்கள் போய்வரும் சாலையில் ஜூலை மாதம் முழுக்க இது ஓயாமல் நடக்கும். காலையில் கிண்ணம் அளவு இருந்த குழி சாயங்காலம் அண்டா அளவுக்கு ஆகிவிடும்.

அப்படி ஒரு குழியை அடைக்கும்போதுதான் சொரிமுத்து விழுந்தான்.

மழை விட்டிருந்த ஒரு மதியம். கான்ட்ராக்டர் ஒருவரிடம் தார் வேலை பார்க்கும் ஆட்களில் அவனும் ஒருவன். லாரியின் பின்பக்கம் நின்று ஜல்லியை வாரிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தான். அவன் மனைவி ஆறுமுகத்தாய் அதை இரும்புச் சட்டியில் ஏந்திக் குழியில் கொட்டிக்கொண்டிருந்தாள். லாரி ஓட்டுகிறவன் அவளுடைய தம்பி வெயிலுமுத்து. ஈரப் பலகையில் கால் வழுக்கி மல்லாக்க வந்த சொரிமுத்து, சாலையோரக் கல்லில் பிடரி அடிபட விழுந்தான். ரத்தம் வரவில்லை. "ஒண்ணுமில்ல, சும்மா வழுக்கிட்டு" என்று சொல்லிக்கொண்டே எழுந்திருக்கப் பார்த்தான்.

"அசையாதே. தலையை அசைக்கவே கூடாது."

எதிரே இருந்த தொழிற்சாலையின் டிஸ்பென்சரி டாக்டர் ஜம்புநாதன், செருப்பைச் சேற்றில் விட்டுவிட்டு ஓடிவந்து மண்டியிட்டார். மாட்டுங்காவில் குடியிருப்பவர். வெராந்தாவில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தவர் அவன் விழுந்த விதத்தைப் பார்த்திருந்தார். சொரிமுத்துவின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கால் கட்டைவிரலை ஆட்டு" என்றார். ஆட்டினான். கைவிரலை ஆட்டச் சொன்னார். ஆட்டினான். டாக்டர் மூச்சு விட்டார். ஆனால் பிடித்த தலையை அவர் விடவில்லை. அதைப் பார்த்ததும்தான் ஆறுமுகத்தாய் சட்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னய்யா செய்யுது அவருக்கு? நல்லாத்தான பேசுதாரு."

டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "கழுத்தெலும்பு வளையல் அடுக்கி வச்ச மாதிரிம்மா. நடு ஓட்டையில ஒரு கயிறு போறது. மூளை சொல்றதெல்லாம் அந்தக் கயிறு வழியாத்தான் கை காலுக்குப் போகும். இவனுக்கு ஒரு வளையல் வரிசையை விட்டு நகர்ந்திருக்குன்னு தோணறது. கயிறு இன்னும் நசுங்கலை. அதான் விரலை ஆட்டறான். ஆனா ஒரு தடவை தூக்கிப் போட்டா..."

"போட்டா?"

"காலு போயிடும். இன்னும் கொஞ்சம் மேலே பட்டா மூச்சே நின்னுடும்."

மாட்டுங்காவில் ரயில் பாதைக்கு மேற்கே எலும்பு வைத்தியத்துக்கென்று ஒரு சிறிய ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே இருந்த சர்ஜன் ஜம்புநாதனோடு படித்தவர். டிஸ்பென்சரி கம்பவுண்டர் டெலிபோன் செய்துவிட்டு வந்தார். சர்ஜன் இருக்கிறார். ஆம்புலன்ஸ்தான் இல்லை. இருந்த வண்டிகளெல்லாம் வெள்ளத்தில் எங்கோ நிற்கின்றன.

"நம்ம லாரி இருக்கு" என்றான் வெயிலுமுத்து.

லாரியில் பாதி அளவுக்கு இன்னும் ஜல்லி இருந்தது. கூட வேலை செய்த ஒருவன் அதை இறக்கிவிட்டால் சீக்கிரம் போகலாம் என்றான். வெயிலுமுத்து வேண்டாம் என்றான். லாரியின் அடியில் இருப்பது இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஸ்பிரிங். பல டன் பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்தது. காலி வண்டிக்கு அது வளைந்து கொடுக்காது. சின்னக் கல்லில் ஏறினாலும் வண்டியைத் தூக்கி எறியும். பாரம் இருந்தால்தான் பட்டைகள் அமுங்கி, குலுக்கலைத் தாங்களே வாங்கிக்கொள்ளும். டாக்டர் இன்னொன்று சொன்னார்: "டயர்லயும் கொஞ்சம் காத்தை எறக்கிடு. என் ஃபியட்டுல காத்து ஜாஸ்தியானாலே முதுகு வலிக்கும்." வெயிலுமுத்து தலையாட்டிவிட்டுப் போய் வால்வைத் திறந்தான்.

ஜல்லியை நிரவி, மேலே மணலைப் பரப்பி, சாலையோரச் சாமான் கொட்டகையின் கதவைக் கழற்றி அதன்மேல் வைத்தார்கள். சொரிமுத்துவை ஆறு பேர் ஒரே மூச்சில், உடம்பு வளையாமல் தூக்கிக் கதவில் கிடத்தினார்கள். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் கட்டிய துணி மூட்டைகள். நெற்றியைச் சுற்றி, கதவோடு சேர்த்து ஒரு துணிக்கட்டு. டாக்டர் தலைமாட்டில் உட்கார்ந்து முழங்கைக்குள் தலையை அணைத்துக்கொண்டார். அவரால் கால்களைப் பார்க்க முடியாது. அதனால் ஆறுமுகத்தாய்க்கு ஒரு வேலை கொடுத்தார். கால்மாட்டில் உட்கார வேண்டும். வண்டி குலுங்கும்போதெல்லாம் கட்டைவிரலை ஆட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

"எந்த வழிய்யா?" என்று கீழேயிருந்து வெயிலுமுத்து கேட்டான்.

"நேரா சயான். அப்பறம் கிங்ஸ் சர்க்கிள். அங்கேர்ந்து சிமெண்ட் ரோடு. நான் தெனம் வர்ற ரோடு அது. டம்ளர்ல காபி வச்சிண்டு வந்தாலும் சிந்தாது."

"ஒங்க ஃபியட்டுக்குச் சிந்தாதுய்யா. லாரிக்கு அந்த ரோட்டுல டக்கு டக்குன்னு அடிக்கும்."

அதுவும் உண்மைதான். சிமெண்ட் வெயிலில் விரியும். அதனால் சிமெண்ட் சாலையை ஒரே நீளமாகப் போட மாட்டார்கள். பலகை பலகையாகப் போட்டு நடுவில் விரற்கடை இடைவெளி விட்டுத் தார் ஊற்றுவார்கள். வருஷங்கள் போகப் போக ஏதாவது ஒரு பலகை கொஞ்சம் அமிழ்ந்துவிடும். அடுத்த பலகையின் விளிம்பு சின்னப் படி மாதிரி நிற்கும். காருக்கு அது தெரியாது. லாரிக்கு ஒவ்வொரு படியும் ஒரு சுத்தியல் அடி.

கதவில் படுத்திருந்த சொரிமுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான். "மாப்ள, எந்த ரோட்டுல வேணும்னாலும் போ. நான் அடச்ச குழி மேல மட்டும் ஏத்திராத. அது தாங்காது."

ஆறுமுகத்தாய் அவன் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டாள்.

லாரி ஆள் நடக்கும் வேகத்தில் புறப்பட்டது. பின்னால் வந்த டாங்கர்கள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே கடந்து போயின. செம்பூர்ச் சாலை தூரத்தில் பார்க்கச் சமமாக இருக்கும். அருகில் போனால் துணி துவைக்கும் பலகை மாதிரி வரி வரியாக எழும்பியிருக்கும். வெயில் காலத்தில் தார் இளகியிருக்கும்போது பாரவண்டி பிரேக் போட்டால், சக்கரம் தாரை முன்னே தள்ளிக்கொண்டு போகும். அது அலையாகக் குவியும். அடுத்த வண்டி அந்த அலையில் ஏறி இறங்கும் இடத்தில் இன்னொரு அலை உண்டாகும். மழைக்காலத்தில் எல்லாம் அப்படியே இறுகிவிடும். லாரி அந்த அலைகளில் ஏறி இறங்க, மணலில் கிடந்த கதவு படகு போல ஆடியது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆறுமுகத்தாய், "ஆட்டுங்க" என்றாள். விரல் ஆடியது. டாக்டர் நிமிர்ந்து பார்ப்பார். அவள் தலையசைப்பாள்.

அலைகள் முடிந்த இடத்தில் ஒரு பழைய பாலம் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் ஒரு இலாகாவின் சாலை, அந்தப் பக்கம் இன்னொரு இலாகாவின் சாலை. இரண்டு இலாகா சந்திக்கும் இடத்தில் எப்போதும் ஒரு விளிம்பு இருக்கும். கடைசிச் சில அடிகள் தங்களுடையது என்று இருவருமே ஒத்துக்கொள்ள மாட்டார்கள். இவர்கள் இங்கே நிறுத்துவார்கள், அவர்கள் அங்கே தொடங்குவார்கள், நடுவில் முழங்கால் அளவுக்குப் பள்ளம் விழுந்து கிடக்கும். வெயிலுமுத்து லாரியை நிறுத்தி, இறங்கி, வண்டியிலிருந்த மணலை வாரிப் பள்ளத்தில் கொட்டி மிதித்தான். பிறகு ஏறி, ஒரு சக்கரம், நிறுத்தம், மறு சக்கரம், நிறுத்தம் என்று இறக்கி ஏற்றினான்.

"ஆட்டுங்க."

"ஆட்டுதேன்ல்லா. தொணதொணங்காத" என்றான் சொரிமுத்து. விரல் ஆடியது.

சயானில் ஒரு போலீஸ்காரர் கையைக் குறுக்கே நீட்டி நிறுத்தினார். கிங்ஸ் சர்க்கிள் மூடிவிட்டார்கள், இடுப்பளவு தண்ணீர் என்றார். வெயிலுமுத்து இந்தியில் கெஞ்சினான். போலீஸ்காரர் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, குரல் மாறி, தாராவி வழியாகப் போங்கள் என்று மேற்கே கையைக் காட்டினார்.

வெயிலுமுத்து திரும்பிப் பார்த்தான். தாராவி அவர்கள் குடியிருக்கும் இடம். அங்கே சாலை என்று எது இருக்கிறது, எது இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். மெயின் ரோடு ஒன்று உண்டு. அதிலும் தண்ணீர் ஏறியிருந்தால் உள்ளே தோல் பட்டறைகளுக்கு நடுவே போகும் சந்துதான். அது யாரும் போட்ட சாலை அல்ல. கழிமுகச் சதுப்பின்மேல் ஊரின் குப்பையைக் கொட்டி, அதன்மேல் பட்டறைகளின் சுண்ணாம்புச் சக்கை, தோல் துண்டு, மரப்பட்டைத் தூள் எல்லாவற்றையும் கொட்டி, ஆட்கள் நடந்து நடந்து இறுகிய தடம். யாருடைய சாலை என்று கேட்டால் எந்த ஆபீஸிலும் பதில் இருக்காது. அதனால் அதை அடைக்கவும் யாரும் வருவதில்லை.

"மெத்துன்னு இருக்கும்" என்றான் சொரிமுத்து. "குலுக்காது. அதுலயே போ."

மெயின் ரோட்டில் தண்ணீர் இருந்தது. லாரி சந்துக்குள் திரும்பியது. சொரிமுத்து சொன்னது சரி. மரப்பட்டைத் தூளில் சக்கரங்கள் ஓசையில்லாமல் உருண்டன. செம்பூரிலிருந்து இதுவரை இப்படி ஒரு நிம்மதி அவர்களுக்குக் கிடைக்கவில்லை. டாக்டர்கூட முதல் முறையாகக் கையை மாற்றிக்கொண்டார்.

சந்து அகலும் இடத்தில் இரண்டு தண்ணீர்த் தேக்கங்கள் குறுக்கே கிடந்தன. இடதுபுறம் இருந்தது காபி நிறத்தில் கலங்கிக் கிடந்தது. வலதுபுறம் இருந்தது தெளிந்திருந்தது. அதில் வானம் தெரிந்தது. வெயிலுமுத்து இறங்கி இரண்டையும் பார்த்தான்.

அவன் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டது வள்ளியூர்ப் பக்கம். அங்கே சாலைகள் சரள் மண்ணில் போட்டவை. அந்த ஊர் ஓட்டுநர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. சாலையில் தேங்கிய தண்ணீர் கலங்கலாக இருந்தால் அடியில் களிமண், சக்கரம் புதையும். தெளிந்திருந்தால் அடியில் சரள், தைரியமாக இறக்கலாம். அங்கே தண்ணீர் மேலேயிருந்துதான் வருகிறது. கெட்டியான தரைமேல் விழுந்த தண்ணீரில் மண் கலக்காது. அதனால் அந்தக் கணக்கு அந்த ஊரில் பொய்த்ததே இல்லை.

இங்கே தண்ணீர் அடியிலிருந்தும் வரும். கடலில் ஏற்றம் வரும்போது கழிமுகத்துத் தண்ணீர் நிலத்துக்கு அடியில் புகுந்து, குப்பைக்கும் தோல் சக்கைக்கும் நடுவே வடிந்து, வடிகட்டின மாதிரித் தெளிவாக மேலே ஊறும். ஊறும் இடத்தில் அடிமண்ணைத் தின்றுகொண்டேதான் ஊறும். தெளிந்த தண்ணீருக்கு அடியில் தரையே இருக்காது.

வெயிலுமுத்து ஏறி உட்கார்ந்து லாரியை வலதுபக்கம் இறக்கினான்.

முன்சக்கரம் அச்சு வரைக்கும் ஒரே தடவையில் போயிற்று. லாரி மூக்கைக் குத்திக்கொண்டு சாய்ந்தது. மணல் சரிந்தது. மணலோடு கதவும் சரிந்தது. டாக்டர் தலையை விடாமல் கதவோடு சேர்ந்தே வழுக்கி, லாரியின் முன்பலகையில் தோள் இடிக்க நின்றார். அவர் வாயிலிருந்து ஒரு முனகல் வந்தது. ஜல்லி ஒரு பக்கமாக ஓடி ஓய்ந்தது.

ஆறுமுகத்தாய் தவழ்ந்துபோய்க் காலைப் பிடித்தாள்.

"ஆட்டுங்க."

விரல் ஆடவில்லை.

"ஏய்யா, கட்டைவிரல ஆட்டுங்க."

"ஆட்டுதேன்" என்றான் சொரிமுத்து.

அவள் விரலையே பார்த்தாள். சேறு காய்ந்த நகம். அது அசையவில்லை.

"ஆட்டுதேன்ட்டி. ஒனக்குத் தெரியலியா?"

அவன் ஆட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். அவள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் உதட்டை மடித்துக்கொண்டு, சொல்லாதே என்று கண்ணால் காட்டினார். பிறகு சத்தமாக, "ஆடறதுப்பா, நன்னா ஆடறது" என்றார். தாழ்ந்த குரலில் அவளிடம் மட்டும் சொன்னார்: "அதிர்ச்சியில கொஞ்ச நேரம் நின்னுபோறதும் உண்டு. திரும்பி வரலாம். இனிமே ஒரு தடவைகூடக் குலுங்கக் கூடாது."

பட்டறைகளிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் ஜெயினுலாப்தீன். மேலப்பாளையத்துக்காரர், அந்தச் சந்தில் சின்னத் தோல் பட்டறை வைத்திருப்பவர். சொரிமுத்துவை அவருக்குத் தெரியும். லாரியை ஒரு பார்வை பார்த்ததுமே, "இது மேல ஏறி வர நாளாவும்" என்றார்.

வெயிலுமுத்து தண்ணீரில் நின்று அழுதுகொண்டிருந்தான். "தெளிஞ்சிருந்துச்சு பாய். தெளிஞ்சிருந்துச்சு."

"அழுவாதல. ஊர்க் கணக்க இங்கன போட்டுட்ட. எல்லாரும் போட்டதுதான்." அவர் டாக்டரிடம் திரும்பினார். "எவ்வளவு தூரம்யா?"

"மாட்டுங்கா. லேபர் கேம்ப் தாண்டி. கதவோட கையில தூக்கிண்டு போக முடியுமா?"

ஜெயினுலாப்தீன் கதவைப் பார்த்தார். கைப்பிடி இல்லாத பலகையை விளிம்பில் பிடித்து நான்கு பேர் தூக்கினால், கொஞ்ச தூரத்தில் விரல் மரத்துப்போகும். பிடி மாற்றக் கீழே வைக்க வேண்டும். ஒவ்வொரு முறை வைப்பதும் எடுப்பதும் ஒரு குலுக்கல். அவர் தாடியைத் தடவிக்கொண்டார். சொல்லலாமா என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது.

"பள்ளிவாசல்ல சந்தூக்கு இருக்கு" என்றார்.

சந்தூக்கு என்றால் மையித்தை, அதாவது இறந்தவர் உடலை, அடக்கம் செய்யக் கபரஸ்தானுக்குச் சுமந்துபோகும் பெட்டி. பெட்டி என்றாலும் மேலே மூடி கிடையாது. கட்டில் மாதிரிச் சட்டம், நான்கு மூலையிலும் தோளில் வைக்க நீண்ட கைமரம். அந்தச் சந்திலேயே ஒரு மனிதனை நீட்டிப் படுக்கவைத்துத் தோளில் சுமப்பதற்கென்று செய்த சாமான் அது ஒன்றுதான்.

ஆறுமுகத்தாய் கேட்டுவிட்டாள். "உசுரோட இருக்கவர அதுலயா பாய்?"

"எனக்கும் சங்கடமாத்தான் இருக்கு, தங்கச்சி."

"வேண்டாம். வேற என்னமாச்சும் பாருங்க. ஏணி பாருங்க, கட்டில் பாருங்க."

"ஏணி நடுவுல தொய்யும். கயித்துக் கட்டில் ஊஞ்சல் மாதிரி ஆடும். ஒங்க டாக்டரையே கேளும்மா."

டாக்டர் ஆமென்று தலையசைத்தார். அவர் தோள் சட்டை கிழிந்து ரத்தம் கசிந்திருந்தது. தலையை மட்டும் அவர் விடவில்லை. ஆறுமுகத்தாய் காலைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவருக்குத் தெரியாம கொண்டாங்க" என்றாள்.

சொரிமுத்துவின் கண்மேல் ஈரத் துணி போட்டார்கள், மழைத்துளி விழாமல் இருக்க என்று சொல்லி. கதவோடு அவனைச் சந்தூக்கில் இறக்கினார்கள். தலை முன்பக்கம், கால் பின்பக்கம். மழை மறுபடி பிடித்துக்கொண்டதால் சந்தூக்கோடு வந்த பச்சைப் போர்வையைக் கழுத்துக்குக் கீழே போர்த்தினார்கள். ஜெயினுலாப்தீனும் பட்டறை ஆட்களும் தோள் கொடுத்தார்கள். டாக்டர் பக்கவாட்டில் நடந்துகொண்டே மணல் மூட்டைகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டார். ஆறுமுகத்தாய் அவன் காதருகே நடந்தாள். வெயிலுமுத்து முன்னால் தண்ணீரைக் காலால் துழாவிக்கொண்டு போனான், அடியில் தரை இருக்கிறதா என்று.

மையித்தைச் சுமக்கிறவர்கள் அதற்கென்று ஒரு நடை வைத்திருக்கிறார்கள். பட்டாளத்துக்காரர்கள் மாதிரி எல்லோரும் ஒரே காலை எடுத்து வைத்தால், எல்லாத் தோளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். மேலே இருப்பது குதிக்கும். இவர்கள் ஆளுக்கொரு காலாக எடுத்து வைப்பார்கள். ஒரு தோள் இறங்கும்போது இன்னொன்று ஏறும். மேலே ஆட்டமே தெரியாது. யாரும் களைக்கும் வரை சுமப்பதில்லை. சில அடிகள் சுமந்ததும் பின்னாலிருப்பவன் தோளை உள்ளே நுழைப்பான், முன்னவன் நழுவி வெளியே வருவான். பெட்டி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். முழங்கால், கணுக்கால், உள்ளங்கால் எல்லாம் சேர்ந்து, எந்த லாரிக்கும் இல்லாத ஸ்பிரிங்காக வேலை செய்யும்.

சொரிமுத்து மூக்கை உறிஞ்சினான். "என்ன இது, அத்தர் மணக்கு? கர்ப்பூரம் மணக்கு."

ஆறுமுகத்தாய் அவன் கண்மேல் கிடந்த துணியை இழுத்துச் சரிசெய்தாள்.

"ஏட்டி. என்னத் தோள்ல தூக்கிட்டுப் போறாங்க. சொல்லு. நான் செத்துட்டனா?" அவன் குரல் உயர்ந்தது. நெற்றிக்கட்டு இறுகுவதை டாக்டர் உணர்ந்து, "பேசு, பேசும்மா, அவன் எழுந்திருக்கப் பாக்கறான்" என்றார்.

"செத்தவங்ககிட்ட யாராச்சும் பேசுவாங்களா? சும்மா கெடங்க" என்றாள். எதைப் பேசுவது என்று தெரியவில்லை. காலடியில் இருந்ததைப் பேசினாள். "ரோடு சொல்லுதேன், கேளுங்க. இப்ப மரப்பட்டைத் தூளு தாண்டியாச்சு. இங்க யாரோ செங்கத்துண்டு போட்டிருக்காங்க."

"கட்டட இடிசலா?"

"ஆமா."

"அது நிக்காது. ஒரு மழைக்கு." அவன் மூச்சு கொஞ்சம் தணிந்தது. "நம்ம ஊர்ல சரள அடிச்சு, தண்ணி ஊத்தி, உருளைய உருட்டினா ரெண்டு மழைக்காலம் கெடக்கும். இங்கன தார ஊத்தி மூணு மாசம் நிக்க மாட்டேங்கு. ஊருல மழையே கெடையாது, அது வேற விசயம்."

"இப்ப தார் ரோட்டுக்கு ஏறுதோம்."

"யாரு போட்டது? ஓரம் வெட்டி எறக்கியிருக்கா, சும்மா மேல அப்பியிருக்கா?"

"அப்பியிருக்கு."

"களவாணிப்பயக. ஓரத்த நேரா வெட்டி, தூசியத் தூத்து, சுவருக்கும் தார் தடவினாத்தான் ஒட்டும். மேல அப்பினா தோசை மாதிரி பேந்துட்டு வரும்."

அவன் பேசப் பேச உடம்பு அசையாமல் கிடந்தது. அவள் பின்னால் போய்க் காலைப் பார்க்க நினைத்தாள். போனால் அவன் பேச்சு நின்றுவிடும், எழப் பார்ப்பான். போகவில்லை. போர்வைக்கு அடியில் அந்த விரல் என்ன செய்கிறது என்பது யாருக்கும் தெரியாமலேயே எல்லோரும் நடந்தார்கள்.

அவர்கள் எதிர்பாராத ஒன்று லேபர் கேம்ப் அருகே தொடங்கியது. வெள்ளைத் தொப்பி போட்டவர்கள் பச்சைப் போர்வையோடு சந்தூக்கைச் சுமந்துபோவதைப் பார்த்ததும், டீக்கடையிலிருந்து ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு இறங்கி வந்தார். தெரியாத மையித்தாக இருந்தாலும் சில அடிகள் தோள் கொடுப்பது புண்ணியம். அவர் தோளைக் கொடுத்துவிட்டுக் கலிமா சொல்லத் தொடங்கினார். சொரிமுத்துவின் காதில் விழக் கூடாதென்று ஜெயினுலாப்தீன் உதட்டில் விரலை வைத்தார். அவர் குழம்பி, வாயை மூடிக்கொண்டு சுமந்தார். நின்று விளக்கம் சொல்ல நேரமில்லை. சொன்னால் கூட்டம் கூடும், வழி அடையும். அப்படியே இன்னும் இருவர் வந்தார்கள். பட்டறை ஆட்களின் தோள்கள் ஆறின. நல்லதுதான் என்று ஜெயினுலாப்தீன் விட்டுவிட்டார்.

மாட்டுங்காவின் சிமெண்ட் சாலை வந்தது. டாக்டர் முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் வந்தது. குழியே இல்லை. இரண்டு பக்கமும் மரங்கள், சாய்வாக ஓடி வாய்க்காலில் விழும் மழைநீர். ஆனால் மரத்தடியில் சிமெண்டின்மேல் பாசி படிந்திருந்தது. வெறுங்காலில் வந்தவர்களின் நடை சுருங்கியது.

"இப்ப எந்த ரோடு?" என்றான் சொரிமுத்து.

"சிமெண்டு ரோடு. வழுக்குது. பேசாம வாங்க."

பின்பக்க இடது கைமரத்துக்கு ஒரு புது ஆள் வந்து தோளை நுழைத்தான். இளந்தாரி, யாரோ இந்திக்காரன். மழையில் நனைந்த போர்வை கால்களோடு ஒட்டிப்போயிருந்தது. விரல்களின் வடிவம் அப்படியே தெரிந்தது. அவன் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில், மல்லாந்து கிடந்தவனின் வலது கால். சில அடிகள் சுமந்திருப்பான்.

"ஹில் ரஹா ஹை" என்றான். முதலில் மெதுவாக. பிறகு தெருவே கேட்கும்படி அலறினான். "பையிர் ஹில் ரஹா ஹை. முர்தா ஹில் ரஹா ஹை."

கால் ஆடுகிறது, பிணம் ஆடுகிறது என்று கத்திவிட்டுக் கைமரத்தை விட்டான். அதைப் பின்னால் வந்த பட்டறை ஆள் ஏந்திக்கொண்டான். வலது கைமரத்திலிருந்தவனும் பயந்து பின்வாங்க, பாசியில் அவன் கால் வழுக்கியது. சந்தூக்கின் வலது பின்மூலை சரிந்தது.

ஆறுமுகத்தாய் யோசிக்கவில்லை. பின்னால் பாய்ந்து, சரிகிற மரத்தின் அடியில் தோளைக் கொடுத்தாள். மரம் தோளெலும்பில் வந்து உட்கார்ந்தது. முழங்கால் மடங்கியது. மடங்கிய முழங்காலில்தான் அந்த அடி முழுக்க இறங்கியது. பிறகு மெல்ல நிமிர்ந்தாள்.

எல்லோரும் நின்றுவிட்டார்கள். "தலை நகரலை" என்றார் டாக்டர். "நகரலை. நடங்கோ."

பெண்கள் மையித்தைத் தூக்குவதில்லை. அவர்களிலும் இல்லை, இவர்களிலும் இல்லை. ஜெயினுலாப்தீன் அவளருகே வந்து தோளைக் கொடுக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கினார். அவள் கண் போர்வையில் இருந்தது. அந்தப் பையன் எதைப் பார்த்தான்? நடையில் துணி ஆடியதைப் பார்த்தானா? பயத்தில் கண் இல்லாததைக் காட்டியதா? அவன் பார்த்த வலது கால் தொலைவில் இருந்தது. அவளுக்கு அருகே இருந்தது இடது கால். அதையே பார்த்துக்கொண்டு நடந்தாள். "ஆட்டுங்க" என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. சொல்லி, ஆடாமல் போனால் தோளில் பலம் இருக்காது.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரன் கேட்டைச் சாத்த ஓடிவந்தான். மையித்தை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறான், உள்ளே கொண்டுவருவதைப் பார்த்ததில்லை. ஜம்புநாதன் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார். கேட் திறந்தது.

உள்ளே சர்ஜன் காத்திருந்தார். கதவோடு அவனை மேஜைக்கு மாற்றினார்கள். போர்வையை விலக்கினார்கள். கண் துணியை எடுத்ததும் சொரிமுத்து முதலில் பார்த்தது, சுற்றி நின்ற வெள்ளைத் தொப்பிகளைத்தான். மறுபடி கண்ணை மூடிக்கொண்டான். சர்ஜன் ஒரு குண்டூசியை எடுத்து வலது உள்ளங்காலில் மெல்லக் குத்தினார்.

"அம்மாடி" என்றான் சொரிமுத்து. வலது கட்டைவிரல் மடங்கி விரிந்தது.

கதவோரம் நின்ற வெயிலுமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஜெயினுலாப்தீன் எதையோ முணுமுணுத்து முகத்தைக் கையால் தடவிக்கொண்டார்.

சர்ஜன் இடது காலில் குத்தினார். தெரிகிறதா என்று கேட்டார். மறுபடி குத்தினார். சொரிமுத்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணு வந்தாச்சு" என்றார் சர்ஜன், ஜம்புநாதனைப் பார்த்து. "இன்னொண்ணு இன்னும் வரலை. ராத்திரிக்குள்ள வரலாம். சொல்ல முடியாது."

நர்ஸ் எல்லோரையும் வெளியே போகச் சொன்னாள். ஆண்கள் சந்தூக்கை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆறுமுகத்தாய் போகவில்லை. அவளுடைய தோள் வீங்கியிருந்தது, கையைத் தூக்க முடியவில்லை. மேஜையைச் சுற்றிக்கொண்டு மெல்ல நடந்து, இடது காலின் பக்கம் போய் நின்றாள்.